மாற்றிய கோர்னியாவை உடம்பு ஏற்காமல் விடுமா? எப்படித் தடுப்பது?

உங்கள் தங்கைக்கு அடுத்த மாதம் கோர்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத்திலுள்ள தெளிவான படலம், மாற்றும் சத்திரசிகிச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். சில பேருக்கு ஏற்காமல் விடும். என் அப்பாவுக்கு ஒரு வருசம் கழித்து வந்தது.

விசுவமட்டில் சூடடிக்கும்போது நெற்சுணை பட்டு, பூஞ்சணம் பிடித்து, ஆறியபின் வெள்ளை விழுந்த கண் அது. மாற்றியபின் சுவர்க் கலண்டரில் திகதி வாசிக்கத் தொடங்கினார். உடனே சொட்டு மருந்தைத் தானாகவே நிறுத்திவிட்டார். “கண் நல்லாத்தானே இருக்கு, இனி ஏன் பிள்ளை?” ஒரு காலை கண் சிவந்தது, வெயில் கூசியது. சூடு என்று அம்மா நந்தியாவட்டைப் பூ தேடினார். நாலாம் நாள் பார்வையில் புகார் மூடியபிறகுதான் பரந்தன் சந்திக்கு ஓடி யாழ்ப்பாண பஸ் பிடித்தோம். அந்த மூன்று நாள்தான் எங்கள் பிழை.

கோர்னியாவில் இரத்தக்குழாய் இல்லை. அதனால் அந்நியப் பொருளைத் தாக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் அங்கே லேசில் போவதில்லை. சிறுநீரகம் மாற்றுவதுபோல இரத்த வகைப் பொருத்தமும் பொதுவாகப் பார்ப்பதில்லை. ஆனால் பழைய புண்ணால் குழாய்கள் உள்ளே வளர்ந்த கண்ணில் அந்தக் கலங்களுக்கு வழி திறந்தே கிடக்கிறது. கோர்னியாவின் உட்பக்கக் கலங்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டிருப்பதால்தான் அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கிறது. அவை அழிந்தால் திரும்ப முளைக்காது.

ஆகவே நிராகரிப்பை அடக்கும் ஸ்டீரொயிட் சொட்டு மருந்தை டொக்டர் சொல்லாமல் குறைக்கவே கூடாது. மாதக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைப்பார்கள்; சிலருக்கு நாளுக்கு ஒரு துளி நெடுநாள் தொடரும். அதே மருந்து கண் அழுத்தத்தையும் ஏற்றும், எனவே கிளினிக்கைத் தவறவிட வேண்டாம். மண் விழுந்ததுபோல் உறுத்தினால் தையல் தளர்ந்திருக்கலாம். அதுவும் நிராகரிப்பைத் தூண்டும், அன்றைக்கே காட்டுங்கள். சிவப்பு, கூச்சம், நோவு, பார்வை மங்கல், இதில் ஒன்று வந்தாலும் அப்படித்தான்.

இன்னொன்று, முழுக் கோர்னியாவும் மாற்ற வேண்டுமா என்று இப்பவே கேளுங்கள். அந்த உட்பக்கக் கலங்கள் உள்ள உட்படலம் நன்றாக இருந்தால் முன்பக்கத்தை மட்டும் மாற்றலாம். தன்னுடைய உட்படலத்தை உடம்பு நிராகரிக்காது. உட்படலம் மட்டும் பழுதென்றால் அந்த மெல்லிய படலத்தை மட்டும் வைப்பார்கள், அதிலும் நிராகரிப்பு குறைவு.

அப்பாவுக்கு மணிக்கொரு தடவை மருந்து விட்டு ஓரளவு தெளிந்தது. கலண்டரில் இப்போது பெரிய எண் மட்டும் தெரிகிறது. போனில் அலாரம் வைத்திருக்கிறோம். அது அடித்து முடிய முன்னமே அம்மா போத்தலோடு வந்து நிற்கிறார்.