பௌர்ணமி இரவில் கைட்சர்ஃபிங்: கற்பிட்டிக் களப்பில் இறங்குவதற்கு முன்

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியில் இரண்டு பருவங்களாகக் கைட்சர்ஃபிங் (கைட் என்னும் பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்கும் விளையாட்டு) செய்துவரும் கொழும்பு வாசகர் ஒருவர், ஜூலை மாதப் போயா (பௌர்ணமி) தினத்தன்று இரவில் நண்பர் ஒருவருடன் களப்பில் இறங்க விரும்புகிறார். நிலவொளி மட்டும் போதுமா, கைட்டில் எத்தகைய விளக்குகளைப் பொருத்த வேண்டும், இருவர் மட்டும் போகலாமா என்பன அவருடைய கேள்விகள்.

போகலாம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. காற்றுக்கு எதிர்த்திசையில் ஏறிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும், நீரில் விழுந்த கைட்டை மீண்டும் எழுப்புவதும், அது எழாதபோது கயிறுகளைச் சுற்றிக்கொண்டு கைட்டைப் பற்றியபடி கரைசேர்வதும் உங்களுக்கு யோசிக்காமலே கைவர வேண்டும். இவற்றில் ஒன்றிலேனும் தயக்கம் இருந்தால் இந்தப் பருவத்தைப் பகலுக்கே ஒதுக்குங்கள். இரவில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது. பகலில் கற்றதைப் பயன்படுத்த மட்டுமே முடியும்.

நீங்கள் முதலில் கேட்டிருப்பது ஒளியைப் பற்றி. வானில் உயர்ந்து நிற்கும் முழுநிலவு தரும் ஒளி ஏறத்தாழக் கால் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டுமே. நண்பகல் வெயிலோ ஒரு இலட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். இத்தனை குறைந்த ஒளிக்கு நம் கண் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் பிடிக்கும். பழகிய பிறகு கரையின் கோடும், நண்பரின் உருவமும், வானில் நிற்கும் கைட்டின் வடிவமும் தெளிவாகவே தெரியும். ஆனால் கயிறுகள் தெரியாது. வலைகளின் மிதவைகளும், மீனவர்கள் களப்பில் நட்டிருக்கும் கம்புகளும் மிக அருகில் வந்த பிறகே தெரியும். நிறங்களும் மங்கிவிடும், அதிலும் சிவப்பு ஏறக்குறைய கறுப்பாகவே தோன்றும். பெரும்பாலான பார்களில் (கைட்டை இயக்கக் கையில் பிடிக்கும் தண்டு) இடப்பக்கம் சிவப்பாக இருப்பதால், அந்த நிறத்தை நம்பிக் கயிறு பூட்டும் வேலையை இரவில் செய்யவே கூடாது. கைட்டை ஊதுவது, கயிறுகளைப் பூட்டுவது, குவிக் ரிலீஸை (ஆபத்தில் கைட்டின் இழுவையைச் சட்டென விடுவிக்கும் பிடி) ஒருமுறை இழுத்துச் சோதிப்பது ஆகிய எல்லாவற்றையும் சூரியன் மறைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கைட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் வெள்ளை அல்லது வெளிர்நீல நிறத்தில் உள்ளதை எடுங்கள்.

நாளைப் பொறுத்தவரை, போயா தினத்தை விட அதற்கு முந்தைய நாளையே நான் பரிந்துரைப்பேன். முழுநிலவு சூரியன் மறையும் வேளையில்தான் உதிக்கிறது; வெப்பமண்டலத்தில் அந்தியொளி அரைமணி நேரம்கூட நிலைப்பதில்லை; ஆகவே போயா அன்று வெளிச்சம் போய் நிலவு போதிய உயரத்துக்கு வரும்வரை உள்ள ஒரு மணி நேரம்தான் அந்த இரவிலேயே மிக மோசமான நேரம். நிலவு நாளுக்குநாள் ஏறக்குறைய 50 நிமிடங்கள் தாமதித்து உதிப்பதால், முந்தைய நாளில் சூரியன் மறையும்போதே அது கீழ்வானில் ஏறி நின்றுகொண்டிருக்கும். ஒளி சற்றே குறைவாக இருந்தாலும் இடையில் இருள் விழாது. இதை வைத்து இன்னும் முன்கூட்டிப் போகலாம் என்று எண்ண வேண்டாம். முழுநிலவு நாளிலிருந்து விலக விலக நிலவின் ஒளி வட்டத்தின் அளவை விட மிக வேகமாகக் குறைகிறது. அரைநிலவு தருவது முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். சந்திர கிரகணம் உண்டா என்று பஞ்சாங்கத்தையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு 11 மணியளவில் நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் போனது. அப்போது நீரில் இருப்பவர்களுக்கு அது அமாவாசைக்கு ஒப்பான இருட்டு.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை: காற்று. கற்பிட்டியின் பகற்காற்று இரண்டு காற்றுகளின் கூட்டு. தென்மேற்குப் பருவக்காற்று அடித்தளமாக இருக்க, பிற்பகலில் நிலம் சூடேறுவதால் எழும் கடற்காற்று அதனுடன் சேர்ந்துகொள்கிறது. சூரியன் மறைந்ததும் இரண்டாவது ஓய்ந்துவிடும். பருவக்காற்று வலுவாக இருக்கும் நாட்களில் மிச்சமிருப்பதே நமக்குப் போதும்; அது தளர்ந்திருக்கும் நாட்களிலோ எட்டு மணிக்குள் கைட் வானிலிருந்து விழுந்துவிடும். மாலை ஐந்து மணிக் காற்றைப் பார்த்து எட்டு மணிக்குக் கைட் எடுத்துச் செல்வதுதான் இரவில் இறங்குவோர் செய்யும் மிகப் பொதுவான தவறு என்பேன். அதற்கு முந்தைய இரண்டு இரவுகளிலும் எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் கரையில் நின்று காற்றளவியால் அளந்து பாருங்கள். அந்த நேரத்துக் காற்றுக்கு ஏற்ற கைட்டையே தேர்ந்தெடுங்கள். இரவில் நீர்மட்டத்தை ஒட்டிய காற்று தணிந்து, 20 மீட்டர் உயரத்தில் வலுவாகவே வீசிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், முகத்தில் படும் காற்றை நம்பிப் பெரிய கைட்டுக்கு மாறாதீர்கள். சிறிய கைட் விழுந்தால் நடந்து வரலாம். பெரிய கைட் உங்களை இழுத்துப் போனால் எதில் மோதப் போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியாது.

இடம் களப்பாகவே இருக்கட்டும். கடல் பக்கம் அலை உடையும் இடத்தைக் கணிக்க முடியாது. இரவு மீன்பிடிக்குப் போகும் படகுகளும் அங்கே உண்டு. களப்பில் இடுப்பளவு நீர் உள்ள பரப்பைப் பகலிலேயே நடந்து பார்த்து, கம்புகளும் வலைகளும் எங்கே இருக்கின்றன என்பதை அந்த வலைகளுக்குரியவர்களிடமே கேட்டு அறிந்து, உங்கள் எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். மீனவரின் வலையைக் கிழிப்பது அவருடைய அன்றைய பிழைப்பைக் கிழிப்பது. இதை நான் உங்கள் பாதுகாப்புக்கு இணையாகவே கருதுகிறேன். கூரிய சிப்பிகள் இருக்கும் என்பதால் காலணி அவசியம்.

தென்மேற்குக் காற்றில் நீங்கள் தென்கிழக்குக்கும் வடமேற்குக்கும் மாறிமாறிச் செல்வீர்கள். ஜூலை மாத முழுநிலவு கிழக்குக்குச் சற்றுத் தெற்கே உதித்து, ஒன்பது மணியளவில் தென்கிழக்கு வானில் நிற்கும். ஆகவே தென்கிழக்காகச் செல்லும்போது நீரில் விரியும் நிலவின் பளபளப்பு உங்கள் முன்னே இருக்கும். அதன்மீது மிதவையும் கம்பும் கறுப்பாக எழுந்து தெரியும், வேகக்காற்று வருவதும் கருநிழலாகப் படரும். திரும்பி வடமேற்காக வரும்போது நிலவு முதுகுக்குப் பின்னால் போய்விடும். நீர் வெறும் கருமையாகும். அந்தத் திசையில் வேகத்தைக் குறைத்தே வாருங்கள். குதித்தல் இரு திசையிலும் வேண்டாம். நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கிறது என்பதைக் கண் சரியாகச் சொல்லாது.

விளக்குகள் உங்களைப் பிறர் பார்ப்பதற்காகவே. நீங்கள் பார்ப்பதற்காக அல்ல. கைட்டின் முன்விளிம்பின் நடுவிலும் இரு நுனிகளிலும் பச்சை இரசாயன ஒளிக்குச்சிகளை நாடாவால் ஒட்டினால் போதும். கைட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவற்றாலேயே தெரியும். தலைக்கவசத்தில் எரியும் வெள்ளை விளக்கு வேண்டாம். ஒருமுறை கண்ணில் பட்டால் அரைமணி நேரப் பழக்கம் வீணாகிவிடும். ஆனால் நீர்புகாத வெள்ளை டார்ச் ஒன்று ஹார்னஸில் (கைட்டுடன் உங்களை இணைக்கும் இடுப்புப் பட்டை) கட்டாயம் இருக்க வேண்டும். 7 மீட்டருக்குக் குறைவான பாய்மரப் படகு விளக்குகளைக் காட்ட இயலாதபோது வெள்ளை ஒளிக் கைவிளக்கைத் தயாராக வைத்திருந்து, மோதலைத் தவிர்க்க உரிய நேரத்தில் காட்ட வேண்டும் என்கிறது பன்னாட்டுக் கடல்விதி. நாமும் அதையே பின்பற்றுவது நல்லது. விசிலும் மிதவை உடுப்பும் உடன் இருக்கட்டும்.

இருவர் மட்டும் போகலாமா என்றால், கூடாது. கைட்சர்ஃபிங் தெரிந்த மூன்றாமவர் ஒருவர் நீரில் இறங்காமல் கரையிலேயே இருக்க வேண்டும். அவர் மணலில் இரண்டு விளக்குகளை, தடையில்லாத வழிக்கு நேராக, ஒன்றன்பின் ஒன்றாக, பின்னால் இருப்பது உயரமாகத் தெரியுமாறு வைக்கட்டும். நீரிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாகத் தெரிந்தால் நீங்கள் சரியான வழியில் வருகிறீர்கள். விலகித் தெரிந்தால் விலகிவிட்டீர்கள். விபத்துகள் அதிகம் நேர்வது கைட்டை இறக்கும்போதுதான் என்பதால், அதைக் கையால் பிடித்து இறக்குபவரும் அவரே. கற்பிட்டியில் கடற்படைத் தளம் இருப்பதால், இரவில் ஒளிரும் கைட் எதுவென்று யாரும் ஐயுறாதபடி நீங்கள் தங்கும் விடுதியின் வழியாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். நிலவை மேகம் மூடினால் கரையில் இருப்பவர் டார்ச்சை மூன்று முறை அசைப்பார். அதைக் கண்டதும் இருவரும் திரும்ப வேண்டும். கரையேறும் நேரத்தையும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அது கடந்து பத்து நிமிடங்களில் நீங்கள் வந்து சேரவில்லையென்றால், அவர் யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் முதலில் படகு வைத்திருக்கும் அயலவரையும் அடுத்து 119 என்ற பொலிஸ் எண்ணையும் அழைக்க வேண்டும். காயம் என்றால் 1990 சுவசெரிய ஆம்புலன்ஸ்.