2,000 புக்மார்க் சேர்ந்துவிட்டது, தேடினால் வேண்டியது மட்டும் கிடைப்பதில்லை. ஸ்மார்ட் புக்மார்க் ஆப்புக்கு மாறினால் சரியாகுமா?

பாதி சரியாகும். (சேமித்த பக்கங்களுக்குத் தானாக வகை போட்டு, அவற்றின் உள்ளேயும் தேடித் தருவதைத்தான் ஸ்மார்ட் ஆப் என்கிறோம்.) மீதிப் பாதி, சேமிக்கிற அந்த ஐந்து நொடியில் நீங்கள் என்ன எழுதி வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பத்து வருடங்களுக்கு மேலாக நானும் சேர்த்து வருகிறேன். தேடினால் கிடைப்பது கடைசி மூன்று வருடங்களாகத்தான். என்ன மாறியது என்று சொல்கிறேன்.

அப்பாவுக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியாமல் இருந்தபோது, வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகள் உள்ள ஒரு பக்கம் கிடைத்தது. நல்ல கோட்டோவியங்கள். சுவரைப் பார்த்து நின்று, இரண்டு விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டு போகும் படம் ஒன்று அதில் இருந்தது. மருத்துவரிடம் காட்டினோம், செய்யலாம் என்றார். சேமித்து வைத்தேன். எட்டு மாதம் கழித்து இடது தோளிலும் அதே இறுக்கம் வந்தது. அப்பா கேட்டார்: "அந்தச் சுவர்ப் படம் இருந்ததே, அதை எடுத்துக் குடேன்." தோள்பட்டை என்று தேடினேன், உடற்பயிற்சி என்று தேடினேன், ஆங்கிலத்திலும் தேடினேன். வரவில்லை. தானாக டேக், அதாவது வகைப்பெயர், போடும் ஆப்தான் அது. அந்தப் பக்கத்துக்கு அது போட்டிருந்த டேக் 'ஆரோக்கியம்'. அதே டேக்கில் இன்னும் நூற்றைம்பது பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து எடுக்க ஒரு மாலைப் பொழுது முழுக்கப் போயிற்று. கடைசியில் பார்த்தால் அது ஸ்கேன் செய்த பிடிஎஃப். உள்ளே தேடுவதற்கு எழுத்தே கிடையாது, எல்லாம் படம்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. அப்பாவுக்கு நினைவிருந்தது தலைப்போ வகையோ இல்லை, சுவரில் ஏறும் விரல். நாம் எல்லோருமே அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறோம்: யாருக்காகத் தேடினோம், எந்தச் சமயத்தில், அதில் கண்ணில் பட்டது என்ன என்று. ஆப்புக்குப் பக்கத்தைத் தெரியும். நீங்கள் அதை எதற்கு எடுத்தீர்கள் என்று தெரியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் இப்போது எதைச் சேமித்தாலும் குறிப்புப் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதுகிறேன். "அப்பா தோள், சுவரில் விரல் ஏற்றும் படம்" என்பது போல. இலக்கணம் பார்ப்பதில்லை. நாளைக்கு எந்தச் சொல்லை வைத்துத் தேடுவேனோ அந்தச் சொல்லை இன்றைக்கே போட்டுவிடுவது, அவ்வளவுதான். ஃபோல்டர்களைக் கிட்டத்தட்ட விட்டேவிட்டேன். ஒரு பக்கத்தை எந்த ஃபோல்டரில் வைப்பது என்று யோசிக்கும் நேரத்தில் அந்த வரியை எழுதி முடித்துவிடலாம்.

சரி, அப்படியானால் ஸ்மார்ட் ஆப் எதற்கு? இரண்டு காரியங்களுக்கு. ஒன்று, பக்கத்தின் உள்ளே இருக்கும் முழு எழுத்திலும் தேடுவது. பிரவுசரின் சாதாரண புக்மார்க் தேடல் தலைப்பு, முகவரி, மிஞ்சினால் டேக், இவற்றைத் தாண்டிப் போகாது. பிரவுசர் ஹிஸ்டரியையும் நம்ப முடியாது, குரோம் 90 நாளைக்கு மேல் வைத்திருப்பதில்லை. இன்னொன்று, பக்கத்தின் நகலை எடுத்து வைப்பது. என் கணக்கில் இதுதான் பெரிய காரணம். 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துத் திறக்கவில்லை என்று அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-இல் கண்டது. லிங்கை மட்டும் வைத்திருப்பது, காலி செய்துவிட்டுப் போன வீட்டின் விலாசத்தை வைத்திருப்பது மாதிரி. ரெயின்ட்ராப் என்ற ஆப்பில் இந்த இரண்டு வசதியும் கட்டணத் திட்டத்தில் வருகின்றன. சொந்த சர்வர் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு லிங்க்வார்டன், காரகீப் என்ற ஆப்கள் இரண்டும் நல்ல தேர்வு. காரகீப் தானாக டேக் போடும், அதற்கான ஏஐ மாடலை உங்கள் கணினியிலேயே ஓட்டவும் வழி இருக்கிறது.

நகல் எடுப்பதில் ஒரு கண்ணி உண்டு. உள்நுழைந்து பார்க்கும் பக்கத்தை வெறும் லிங்காகக் கொடுத்தால், ஆப்பின் சர்வர் போய் எடுத்து வருவது உள்நுழைவுப் பக்கத்தைத்தான். காப்பீட்டு விவரம் என்று நம்பி நான் இரண்டு வருடம் வைத்திருந்த நகலைத் திறந்தபோது, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. அப்படிப்பட்ட பக்கங்களுக்குச் சிங்கிள்ஃபைல் என்ற எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) பயன்படுத்துங்கள். உங்கள் திரையில் தெரிவதை அப்படியே ஒரே கோப்பாக உங்கள் கணினியில் இறக்கிவிடும். சொந்த வங்கி, மருத்துவ விவரங்கள் உள்ள பக்கங்களை நான் ஆப்பில் ஏற்றுவதே இல்லை. தானாக டேக் போடவும் சுருக்கம் சொல்லவும் பக்கத்தின் எழுத்து பெரும்பாலும் வேறொரு சர்வருக்குப் போய் வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தமிழில் படித்துச் சேமிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பல ஆப்களின் தேடல் தமிழ்ச் சொற்களின் உருமாற்றத்தைப் புரிந்துகொள்வதில்லை. 'காப்பீடு' என்று தேடினால் 'காப்பீட்டுத் தொகை' என்றிருக்கும் பக்கம் வராது. 'காப்பீ' என்று பாதியில் நிறுத்திப் பாருங்கள், இரண்டும் வரும். 'கொ' போன்ற எழுத்துகளும் சில பக்கங்களில் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகப் பதிவாகியிருக்கும். நம் கண்ணுக்கு ஒன்றேதான், சில தேடல்களுக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய தமிழ் பிடிஎஃப்களில் இன்னும் மோசம். யூனிகோடுக்கு (இன்று கணினிகள் பொதுவாகப் பயன்படுத்தும் எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் இருந்தால், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாக இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இந்த மூன்று சிக்கலுக்கும் மருந்து அதே ஒரு வரிக் குறிப்புதான். அதை நீங்களே தட்டச்சு செய்வதால் எழுத்துகள் உங்கள் விசைப்பலகையின் வழக்கப்படியே இருக்கும்.

அப்புறம், எந்த ஆப்பையும் நிரந்தரம் என்று எண்ணாதீர்கள். கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் நின்றது. ஆம்னிவோர் 2024 நவம்பரில். 2007-இல் தொடங்கி அத்தனை பேர் நம்பியிருந்த பாக்கெட் 2025 ஜூலை 8 அன்று மூடப்பட்டது. அதன் எக்ஸ்போர்ட் கோப்பில், அதாவது சேமித்ததை வெளியே எடுத்துக்கொள்ளத் தரும் கோப்பில், முகவரி, தலைப்பு, டேக் எல்லாம் வந்தன, கட்டுரைகளின் எழுத்து வரவில்லை. புதிய ஆப்பைச் சோதிக்கும்போது நான் முதலில் செய்வது பத்து லிங்க் போட்டு உடனே எக்ஸ்போர்ட் எடுத்துப் பார்ப்பதுதான். என் குறிப்பு வரிகள் அந்தக் கோப்பில் இல்லையென்றால் அந்த ஆப் எனக்கு வேண்டாம். பிடித்துப்போனால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்போர்ட் எடுத்து வைக்கிறேன்.

காசு கொடுத்து ஆப் வாங்குவதற்கு முன்னால் இதையும் முயன்று பாருங்கள். ஃபயர்ஃபாக்ஸின் முகவரிப் பட்டையில் ஒரு நட்சத்திரக் குறி (*) தட்டச்சு செய்து, இடைவெளி விட்டுத் தேடினால் புக்மார்க்குகளில் மட்டும் தேடும். டேக்குகளிலும் தேடும். சில நூறு லிங்க் வைத்திருப்பவருக்கு இதுவே போதுமாக இருக்கலாம்.

உங்களிடம் இருக்கும் அந்த 2,000-ஐ உட்கார்ந்து ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடாதீர்கள். நான் இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் பாதியில் விட்டேன். மொத்தத்தையும் புதிய ஆப்பில் இறக்கிவிட்டு, முழு எழுத்துத் தேடலின் பொறுப்பில் விட்டுவிடுங்கள், அப்படியே இருக்கட்டும். ஏதோ ஒன்றைத் தேடிச் சிரமப்பட்டு எடுக்கிறீர்கள் பாருங்கள், அப்போது, தேடும்போது மனதில் இருந்த சொற்களை அதன் குறிப்பில் எழுதிவிட்டு மூடுங்கள். அடுத்த தடவை அது முதல் முயற்சியிலேயே வரும். என்னிடம் பழையவை நாலாயிரத்துச் சொச்சம் இருந்தன. இதுவரை முந்நூறு சொச்சத்துக்குத்தான் குறிப்பு எழுதியிருக்கிறேன். மற்றவற்றை நான் ஒரு தடவைகூடத் தேடவில்லை.