பேச்சுச் சிகிச்சைக்குப் பின் வலது மூளையில் செயல்பாடு கூடினால்?

பக்கவாதத்தால் பேச்சு பாதித்தவர்களைப் பற்றிய ஆய்வில், இதைச் சிகிச்சையின் பலன் என்று எழுதலாமா என்று கேட்கிறீர்கள். எழுத முடியாது. முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டே எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனை (ரத்த ஓட்ட மாற்றத்தின் வழியே மூளைச் செயல்பாட்டைக் காட்டுவது) வைத்து, வலது பக்கம் கூடியதைச் சிகிச்சையின் பலன் என்று சொல்ல வழியில்லை. சிகிச்சைக்கு முன்பே இரண்டு முறை எடுங்கள். 6 வாரச் சிகிச்சை என்றால் இடைவெளியும் 6 வாரம். சிகிச்சை இல்லாமலே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஸ்கேனில் படம் பார்த்துப் பெயர் சொல்லும்போது, 40 படங்களில் சிகிச்சைக்கு முன் 12 சரி, பின் 29 என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் அங்கேதான். சொல் வராமல் திணறுவதும் மூளைக்கு ஒரு வேலை. அது குறைந்தாலே ஸ்கேனில் தெரிவது மாறிவிடும். சரியான பதில்களை மட்டும் பிரித்து ஒப்பிடுங்கள். 12 போதாது, படங்களைக் கூட்டுங்கள். பாதிப் படங்கள் பயிற்சியில் வராதவையாக இருக்கட்டும்.

ரத்த ஓட்டத்தையும் பாருங்கள். மூளை ஒரு வேலையைத் தொடங்கியதும், வழக்கமாக ஸ்கேன் சமிக்ஞை சுமார் 5 நொடியில் உச்சம் தொடும். பக்கவாதப் புண்ணைச் சுற்றி அது தாமதமாகலாம். மென்பொருள் அதைச் 'செயல்பாடு இல்லை' என்று காட்டிவிடும். 15 நொடி மூச்சடக்கச் சொல்லி, இடைவெளிவிட்டு நாலைந்து முறை ஸ்கேன் எடுத்தால் தாமதம் தெரியும். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் பலருக்கு வீட்டு மொழி தெலுங்கு அல்லது கன்னடம். மாங்காய்ப் படத்துக்கு 'மாமிடிகாய' என்றால் தவறு போடாதீர்கள். மொழியைக் குறித்துத் தனியாக வையுங்கள். பென்னாகரத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவரை இறங்கியதும் ஸ்கேனில் படுக்கவைத்தால் சோர்வைத்தான் அளப்பீர்கள்.