பத்தாயிரம் ஏக்கர் போச்சே!

கேள்வி: கச்சத்தீவின் 285 ஏக்கருக்காக அரை நூற்றாண்டாக அழுகிறோம். 2015-ல் வங்கதேசத்துக்குப் பத்தாயிரம் ஏக்கரைச் சத்தமில்லாமல் தூக்கிக் கொடுத்தார்களே, அதை உங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் ஏன் கேட்பதில்லை? யாரோ ஒரு ராஜா சதுரங்கத்தில் தோற்ற நிலமாமே, அதற்கு நாம் ஏன் கட்டுப்பட வேண்டும்?
– வாசகர் ஒருவர், செல்லூர், மதுரை

பதில்: கணக்கில் நீங்கள் புலிதான். கொடுத்தது 17,160 ஏக்கர், வாங்கியது 7,110. கழித்துப் பார்த்தால் பத்தாயிரத்துச் சொச்சம் உதைக்கத்தான் செய்கிறது. ஆனால் நாம் கொடுத்த நிலம் எங்கே கிடந்தது என்று பார்த்தீர்களா? வங்கதேசத்துக்கு உள்ளே, துண்டு துண்டாக, 111 இடங்களில். அதேபோல அவர்களுடைய 51 துண்டுகள் நம் மேற்கு வங்கத்துக்குள் கிடந்தன. அங்குள்ளவர்கள் இவற்றைச் சிட்மஹல் என்பார்கள். மஹல் என்றதும் நம் நாயக்கர் மஹாலை நினைத்துவிடாதீர்கள். வரி வசூல் பகுதிக்கு முகலாயர் வைத்த பெயர் அது. சிட் என்றால் துண்டு.

சதுரங்கக் கதை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைய மேற்கு வங்கத்திலுள்ள கூச் பிகாரின் ராஜாவும், இன்றைய வங்கதேசத்திலுள்ள ரங்பூரின் முகலாய அதிகாரியான பௌஜ்தாரும் ஊர்களைப் பணயம் வைத்து ஆடினார்களாம். நடந்தது அவ்வளவு சுவாரசியமானதல்ல. 1711–13 வாக்கில் முகலாயருக்கும் கூச் பிகாருக்கும் சண்டை முடிந்து உடன்படிக்கை ஆனபோது, எதிராளி பகுதிக்குள் சில ஊர்களைக் கையில் வைத்திருந்த இருதரப்புத் தலைக்கட்டுகளும் நகர மறுத்தார்கள். யாருக்கு வரி கட்டுவது என்பதுதான் அன்றைக்கு எல்லை. நம் பாளையங்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பே இராது. வெள்ளைக்காரனும் அதைக் கலைக்கவில்லை. ரங்பூர் அவனுடைய ஜில்லா, கூச் பிகார் சமஸ்தானம். சனங்கள் பாட்டுக்கு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

1947-ல் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போனது; அதுதான் பின்னாளில் வங்கதேசம். 1949-ல் கூச் பிகார் இந்தியாவோடு சேர்ந்தது. ஜமீன் வரப்பு சர்வதேச எல்லையாகிவிட்டது.

எவ்வளவு கோளாறு என்று மதுரைக்காரருக்குச் சொல்ல மதுரையே போதும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி வீதி இந்தியா. அதைச் சுற்றிய சித்திரை வீதி வங்கதேசம். ஆவணி மூல வீதி மறுபடி இந்தியா. மாசி வீதியும் அதற்கு வெளியே எல்லாமும் வங்கதேசம். தஹலா காக்ராபாரி என்ற இடம் அப்படித்தான் இருந்தது. ஒன்றே முக்கால் ஏக்கர்கூட இல்லாத ஒரு வயல். இந்திய மண், உழுதவர் வங்கதேசத்து விவசாயி. உலகத்தில் இப்படிப்பட்ட முடிச்சு வேறெங்கும் இருந்ததில்லை.

வயலுக்கு வலி தெரியாது, விடுங்கள். ஆட்கள் இருந்தார்களே! 2011-ல் இரு நாடுகளும் சேர்ந்து தலையெண்ணியபோது ஐம்பத்தோராயிரத்துக்கு மேல். 1952-ல் பாஸ்போர்ட், விசா வந்ததிலிருந்து அவர்கள் பாடு திண்டாட்டம். விசா வாங்க வேண்டுமானால் தன் நாட்டின் ஊருக்குப் போக வேண்டும்; அந்த ஊருக்குப் போக அடுத்த நாட்டு மண்ணை மிதிக்க வேண்டும்; விசா இல்லாமல் மிதித்தால் குற்றம். ஆக, வீட்டு வாசலைத் தாண்டியவரெல்லாம் குற்றவாளி. கரண்ட் இல்லை, போலீஸ் இல்லை, ரேஷன் இல்லை, ஓட்டு இல்லை. திருடு போனால் எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, சிட்மஹலுக்கு வெளியே இருக்கும் எவரையாவது பிடித்து அப்பா என்று எழுதிக் கொடுத்தார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போன பெண், அடுத்தவன் பெயரைப் புருஷன் என்று சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அவள் எப்படித் தூங்கியிருப்பாள் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு.

நீங்கள் 'நம் நிலம்' என்கிறீர்களே, அங்கே நம் தாசில்தார் ஒருவர் போய்ப் பட்டா எழுத வழி இருந்ததா?

'சத்தமில்லாமல்' என்பதும் சரியில்லை. 1958-ல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் மேற்கு வங்க எல்லையிலுள்ள பேருபாரியைப் பாதியாகப் பிரிக்க ஒத்துக்கொண்டபோது எழுந்த சத்தம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இந்திய மண்ணை அயல்நாட்டுக்குக் கொடுப்பதென்றால் அரசியல் சட்டத்தைத் திருத்தித்தான் கொடுக்க முடியும் என்று 1960-ல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஒன்பதாவது திருத்தமும் வந்தது. ஆனாலும் பேருபாரி கைமாறவே இல்லை. இன்றும் நம்மிடம்தான் இருக்கிறது.

இனி, நீங்களே தொட்டுவிட்டுத் தாண்டிப் போன இடத்துக்கு வருகிறேன். 1974 மே 16-ல் இந்திரா காந்தி வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானுடன் சிட்மஹல்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார். அடுத்த மாதமே, ஜூன் கடைசியில், இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் கச்சத்தீவு ஒப்பந்தம். அதே பிரதமர், அதே பேனா என்றுகூடச் சொல்லலாம். முதல் ஒப்பந்தத்தை வங்கதேசம் அந்த ஆண்டே தன் சட்டத்தில் ஏற்றிக்கொண்டது. நாம் 41 வருடம் இழுத்தோம். நம் மண்ணுக்குள் கிடக்கும் வங்கதேசத் துண்டான தஹக்ராமின் சனங்கள் தங்கள் நாட்டுக்குப் போய்வர தீன் பிகா என்ற துண்டு வழியைத் திறந்துவிடவே 1992 ஆனது. அதுவும் பகலில் மட்டும், மணிக்கணக்குப் பார்த்து. நாள் முழுதும் திறந்தது 2011-ல். கடைசியில் 2015 மே மாதம் நூறாவது திருத்தம் இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல் நிறைவேறி, ஜூலை 31 நள்ளிரவு நிலம் மாறியது. நம் பக்கத்து சிட்மஹலில் 68 வருடத்துக்கு 68 மெழுகுவத்தி ஏற்றினார்கள். எந்த நாடு வேண்டும் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். அங்கிருந்து தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர் இந்தியா வந்தார்கள். இங்கிருந்து ஒருவரும் போகவில்லை. வந்தவர்களைத் தகரக் கொட்டகையில் வைத்த லட்சணம் தனிக் கதை.

கச்சத்தீவுக்கு? 'அது நம்முடையது என்று முடிவான நிலமே அல்ல, தகராறில் இருந்த இடத்துக்கு எல்லை வகுத்தோம், அவ்வளவுதான்' என்று தில்லி சொல்லிவிட்டது. ஆகவே சட்டத் திருத்தம் இல்லை. 1974 ஆகஸ்டில் நம் சட்டசபை தீர்மானம் போட்டும் பயனில்லை. ராமேஸ்வரத்து மீனவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, நம் மீனவரும் அந்தோணியார் கோயில் பக்தர்களும் முன்போலவே அங்கே போய்வரலாம் என்றது. 1976-ல் கடிதப் பரிமாற்றம் செய்து, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்றார்கள்.

ஆக, செல்லூர்க்காரரே, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. பேருபாரிக்குத் தேவைப்பட்ட சட்டத் திருத்தம் கச்சத்தீவுக்கு மட்டும் எப்படித் தேவைப்படாமல் போனது? அந்தக் கேள்வி 2008-லேயே வழக்காகி உச்ச நீதிமன்றப் படியேறியது. அதை விட்டுவிட்டு, கணவன் பெயரைக்கூட மாற்றிச் சொல்லி வாழ்ந்த பெண்ணுக்கு ஒரு முகவரி கிடைத்ததைப் போய் நஷ்டக் கணக்கில் எழுதுகிறீர்களே!