இதய அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்கிறார் அப்பா. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

உங்கள் அப்பாவுக்கு 74 வயது, பெருந்தமனி வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசல்) மோசமாகச் சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் அவர் பிடிவாதமாக மறுக்கிறார் என்று பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். சம்மதிக்க வைப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதற்கு முன்னால் அவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். இனி வரும் வருடங்களில் என்னென்ன செய்ய முடிய வேண்டும் என்று நினைக்கிறார்? எது நடந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறார்? இது தெரியாமல் எந்தச் சிகிச்சை நல்லது என்று யாராலும், டாக்டராலும்கூட, சொல்ல முடியாது.

நாங்கள் ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். என் அம்மாவுக்கும் இதே நோய்தான், அவரும் முதலில் வேண்டாம் என்றார். கத்தி என்றாலே பயம் இருக்கத்தான் செய்யும் என்று சொந்தக்காரர்கள் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து பேசியபோது அம்மா சொன்ன காரணம் வேறு. எங்கள் பெரியம்மா பக்கவாதத்தில் பல வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். "போய்ச் சேர்ந்தா பரவாயில்ல. அக்கா மாதிரி கிடந்து, நீ வேலைய விட்டுட்டு எனக்குத் துணி மாத்திக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார் அம்மா. வேண்டியதையும் சொன்னார்: தன் சமையலைத் தானே செய்ய வேண்டும், மூச்சு வாங்காமல் மார்க்கெட்டுக்குப் போய்வர வேண்டும், தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏற வேண்டும்.

இதை அப்படியே டாக்டரிடம் சொன்னோம். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறிவிட்டது. எந்த வழியில் பக்கவாத ஆபத்து எவ்வளவு, ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று விளக்கினார். சமையலும் மார்க்கெட்டும் நடக்கக்கூடியவை, மலையேற்றத்துக்கு உறுதி தர முடியாது என்றார். அந்த நேர்மைதான் அம்மாவுக்கு நம்பிக்கை கொடுத்தது என்று நினைக்கிறேன்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பது பாதுகாப்பான வழி இல்லை என்பதை அப்பா தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரை மூச்சிரைப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், சுருங்கிய வால்வைத் திறக்காது. 2010-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத நோயாளிகளில் வால்வு மாற்றாமல் விடப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒரே வருடத்தில் இறந்துபோனார்கள். அதே நிலையில் இருந்து, தொடை வழியாகக் குழாய் செலுத்தி வால்வு பொருத்தப்பட்டவர்களில் இறந்தது ஏறக்குறைய 31 சதவீதம். இந்தக் குழாய் முறைக்கு டாவி என்று பெயர். 2002-இல் பிரான்சில் முதன்முதலாக மனிதருக்குச் செய்தார்கள்.

அப்பாவின் வயதில் அவருடைய விருப்பத்துக்கு நிஜமாகவே இடம் இருக்கிறது. 65-க்கும் 80-க்கும் இடைப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையா டாவியா என்பதை நோயாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 2020-இல் வந்த அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டுதலே சொல்கிறது. டாவி என்றால் பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்பலாம், ஆனால் பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு அதிகம். நெஞ்சைத் திறந்தால் எலும்பு கூடவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், அதுவரை கனமானது எதையும் தூக்கக் கூடாது. அம்மாவுக்கு ரத்தக் குழாய் அடைப்பும் இருந்ததால், இரண்டையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று அறுவை சிகிச்சையையே தேர்ந்தெடுத்தார்.

அப்புறம் வால்வு. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு அலைய வேண்டும். கீரையை ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமில்லை என்று சாப்பிட்டால் மருந்தின் வேகம் மாறும். நாட்டு மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. விலங்குத் திசுவில் செய்த திசு வால்வு பொதுவாக 10 முதல் 15 வருடம் வரும். இந்த வயதில் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டார். இப்போது வீட்டில் சமையல் அவர் கையில். தண்ணீர்மலைக்குப் போனால் அடிவாரத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்.

நம் வீடுகளில் நடக்கும் ஒன்று எனக்குப் பொறுக்கவே முடியாதது. டாக்டர் மகனைப் பார்த்து ஆங்கிலத்திலோ மலாயிலோ பேசுவார், நோயாளி ஓரமாக உட்கார்ந்து எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். "அப்பாகிட்ட ரிஸ்க் பத்திச் சொல்லாதீங்க டாக்டர்" என்று வேறு பிள்ளைகள் கேட்டுக்கொள்வார்கள். உடம்பு அவருடையது. சுயநினைவோடு இருக்கும் வரை கையெழுத்தும் அவருடையதுதான். முக்கியமான ஆபத்துகளை நோயாளியிடம் சொல்வது டாக்டரின் கடமை என்று 2006-இல் நம் மலேசியக் கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அப்பாவுக்குத் தமிழில்தான் நன்றாகப் புரியும் என்றால், தமிழ் தெரிந்த நர்ஸையோ டாக்டரையோ கேளுங்கள். கிடைக்காவிட்டால் நீங்கள் மொழிபெயர்க்கலாம், ஆனால் உங்கள் கருத்தைக் கலக்காமல்.

எல்லாம் புரிந்த பிறகும் வேண்டாம் என்றால், அதுவும் ஒரு முடிவுதான். அப்போதும் டாக்டரை விட்டுவிடாதீர்கள். மூச்சிரைப்பைத் தணிக்கும் மருந்துகள் உண்டு, வலியையும் அவதியையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பினாங்கில் கிடைக்கும்.

சரி என்றால், தேதி குறிப்பதற்கு முன்னாலேயே செலவைக் கேளுங்கள். டாவி வால்வின் விலை சாதாரண திசு வால்வைவிடப் பல மடங்கு. அப்பா அரசாங்க ஓய்வூதியக்காரர் என்றால் ஜிஎல் கடிதம் (சிகிச்சைச் செலவை ஏற்கும் உத்தரவாதக் கடிதம்) எதற்கெல்லாம் செல்லும் என்று விசாரியுங்கள். அறுவைக்கு முன்பு மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும்போது, ஏதாவது சிக்கல் வந்து நினைவு திரும்பாவிட்டால் செயற்கைச் சுவாசத்தில் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம், அவர் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை அப்பாவே தன் வாயால் சொல்லட்டும். கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.