இரவில் சி.டி. ஸ்கேன் இல்லாதபோது குடல்வால் ஆபரேஷன் முடிவு

டாக்டர், நீங்கள் எடுத்த குடல்வால்கள் பல பயாப்சியில் நார்மல் என்று வருவதாகவும், இரவில் சி.டி. கிடையாது என்றும் எழுதியிருந்தீர்கள். முடிவெடுக்கும் முன் அல்வராடோ ஸ்கோரை, அதாவது குடல்வால் அழற்சிக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அறிகுறிகளுக்குப் புள்ளி போட்டுப் பார்க்கும் கணக்கை, கேஸ் ஷீட்டிலேயே எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம், ஆபரேஷன்தான் என்று மனம் தீர்மானித்துவிட்டால் கூட்டலும் அந்தப் பக்கமே சாயும்.

வலது அடிவயிற்றைத் தொட்டால் வலி 2, வெள்ளணு 10,000க்கு மேல் 2. வலி தொப்புளிலிருந்து இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, அழுத்திக் கையை எடுத்ததும் வலி, 37.3 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்ற வகை 75 சதவீதத்துக்கு மேல் ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 10.

4 வரை என்றால் வேறு காரணம் தேடலாம். 5, 6தான் சிக்கல். வயிறு கல் போல் இறுகாதவரை, அட்மிட் செய்து 6 முதல் 12 மணி நேரத்துக்குள் அதே டாக்டர் மறுபடி தொட்டுப் பார்க்கட்டும். வெள்ளணுவையும் மறுபடி எடுங்கள். வலி மருந்து தாராளமாகக் கொடுக்கலாம், அது நோயை மறைத்துவிடாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று ஆன்டிபயாடிக் போட்டால்தான் மறுபரிசோதனை குழம்பும்.

அல்ட்ராசவுண்டில் 'குடல்வால் தெரியவில்லை' என்றால் நார்மல் என்று அர்த்தமில்லை. விட்டம் 6 மி.மீ.க்கு மேலா, அழுத்தினால் அமுங்குகிறதா என்று ரிப்போர்ட்டில் கேட்டு வாங்குங்கள்.

இளம்பெண்களிடம் இந்த ஸ்கோர் கூடுதலாகக் காட்டும். 7 வந்தாலும், ஆபரேஷனுக்கு முன் கர்ப்பப் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும் முதலில். முதியவர்களிடம் நேரெதிர்: குறைந்த ஸ்கோரை நம்பி வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.