மோட்பஸ் சென்சார் திடீரென 6553.1 டிகிரி காட்டுவது ஏன்?

குளிர்பதன அறை பூஜ்யத்துக்குக் கீழே போனதும் வெப்பநிலை 6553.1 என்று வருகிறது, கேபிளை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கேபிளைத் தொடாதீர்கள். மோட்பஸ் ஆர்டியூவில் (சென்சாரும் கட்டுப்பாட்டுக் கருவியும் வயர் வழியே பேசும் முறை) ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் சிஆர்சி சரிபார்ப்பு, அதாவது செய்தி வழியில் கெட்டதா என்று காட்டும் எண், உண்டு. வயரில் இரைச்சல் இருந்தால் பெரும்பாலும் டைம்அவுட்தான் (பதில் கிடைக்காமல் நேரம் முடிவது) ஆகும். இப்படி ஒழுங்கான தப்பு எண் வராது.

சென்சார் அளந்தது -0.5 டிகிரி. அதைப் பத்தால் பெருக்கி, -5 என்று 16 பிட் ரிஜிஸ்டரில் (எண்ணை வைக்கும் நினைவிடம்) வைக்கிறது. நீங்கள் அதைக் குறியில்லாத எண்ணாக, அதாவது மைனஸே இல்லாத எண்ணாகப் படிப்பதால், 16 பிட்டில் உள்ள -5 உங்களுக்கு 65536-இல் 5 போக 65531 என்று தெரிகிறது. பத்தால் வகுத்தால் அதே 6553.1! பிஎல்சியில் (சென்சாரைப் படிக்கும் கட்டுப்பாட்டுக் கருவி) டேட்டா டைப்பைக் குறியுள்ள 16 பிட் எண்ணாக மாற்றுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், வேறு சென்சாரில் இரண்டு ரிஜிஸ்டர் சேர்ந்த ஃப்ளோட் (தசம எண்) மதிப்பு வந்து, 25 டிகிரி கிட்டத்தட்ட பூஜ்யமாகத் தெரிந்தால், ரிஜிஸ்டர் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன.